அக்காவின் கலியாண நாள்

சனிக்கிழமை தங்களுடைய கலியாண நாள் என்று மயில்வாகனம் சொன்னபோது, விமலாதேவி அவருடைய தட்டில் இடியப்பம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. வைத்து முடித்து, சொதியையும் ஊற்றிவிட்டுத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே, மழையில் நனைந்து நிற்கும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஈப்போவுக்குப் போய் ஓட்டலிலை சாப்பிட்டிட்டு வருவம். துரைமார் அப்பிடித்தான் கொண்டாடுகிறவை. நல்ல சீலை ஒண்டு எடுத்து வையும்” என்றார்.

“ஓம்” என்றாள் விமலாதேவி.

அது அவர்களுடைய கலியாண நாள் இல்லை. அவர்களுக்குக் கலியாணம் நடந்தது ஒரு வைகாசியில், தைப்பிங்கில் ஒரு தூரத்து உறவினர் வீட்டு முற்றத்தில். கப்பலில் வந்த களைப்புத் தீராமல், தரை இன்னும் ஆடுவதுபோலத் தலை சுற்றிக்கொண்டிருக்க, அவள் கழுத்தில் தாலி ஏறியது. இப்போது நடப்பது ஐப்பசி. ஐப்பசியில் கலியாணம் செய்துகொண்டவள் அவளுடைய அக்கா சரோஜாதேவி. ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய வருடம், யாழ்ப்பாணத்தில், பந்தலெல்லாம் மழையில் ஒழுக ஒழுக நடந்த கலியாணம் அது. பாவாடை கட்டிய சிறு பெண்ணாக விமலாதேவி அன்று அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். மாப்பிள்ளை இதே மயில்வாகனம்தான். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துப் பெரிய கிராணி, ஆபீசில் கணக்கெழுதும் உத்தியோகம், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரே பேசியது.

அக்கா கப்பல் ஏறியவள் திரும்பி வரவில்லை. சண்டை முடியும் தறுவாயில் உலகமெங்கும் ஒரு பெருங்காய்ச்சல் பரவியதே, அது இந்தத் தோட்டத்துக்கும் வந்து, கூலிக்காரர் லயங்களில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போனபோது கிராணி வீட்டையும் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, நல்ல மாப்பிள்ளையைக் கைவிட மனமில்லாமல், வீட்டார் விமலாதேவியை அனுப்பி வைத்தார்கள். அவள் வந்தாள். அக்காவின் கட்டிலில் படுத்தாள், அக்காவின் அடுப்பில் சமைத்தாள். மயில்வாகனம் அவளிடம் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஒரு விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். அவர் எங்காவது கூட்டிப்போகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால்தான் அவள் நாளைத் திருத்தவில்லை.

பின்கட்டில் இருளாயி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போய்க் கால் முடமான பிறகு இந்த வீட்டு வேலைக்கு வந்தவள். அக்கா செத்தபோது குளிப்பாட்டி உடுத்தியவளும் அவள்தான்.

“இருளாயி, ஐயா சனிக்கிழமை ஈப்போவுக்குப் போவமெண்டு சொல்லுறார்.”

இருளாயி கையிலிருந்த சாம்பலை உதறினாள். “ஒங்களையுமா கூப்பிட்டாரு?”

“என்னையும் எண்டால்?”

“மூத்தம்மா இருந்தப்ப வருசா வருசம் ரெண்டு பேரும் போவாங்க. இதே மழக்காலத்துல. அவங்க போனப்புறமும் ஐயா நிறுத்தல. தனியா போயிட்டு வருவாரு. ஆபீசு வேலைன்னு ஒங்ககிட்ட சொல்லியிருப்பாரு.”

அப்படித்தான் சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு நாள், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஈப்போவில் கணக்கு விஷயம் என்று. அன்று திரும்பி வந்தால் பேசமாட்டார். மறுநாள் சாப்பாடு இறங்காது. ஈப்போத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று விமலாதேவி மிளகு ரசம் வைத்துக் கொடுப்பாள்.

“நீங்க போகாதீங்கம்மா” என்றாள் இருளாயி, தலையைத் தூக்காமல். “செத்தவங்க நாள்ல உசுரோட இருக்கவங்களுக்கு என்ன வேல.”

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் விமலாதேவி தன்னுடைய பச்சைப் பட்டைத்தான் உடுத்தினாள். பெட்டியில் அக்காவின் சேலைகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை அவள் தொடவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு மாட்டுவண்டியில் போய், அங்கிருந்து ரயில் ஏறினார்கள். வழி நெடுகிலும் மயில்வாகனம் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு தடவை, “உமக்குக் குளிருதோ?” என்று கேட்டார். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. நகரத்தில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். ஈயமும் ரப்பரும் கொழித்த காலம் அது. கடைகளிலெல்லாம் கூட்டம், ரிக்‌ஷாக்காரர்களின் மணிச்சத்தம், எங்கும் ஈரச்சேறு.

அந்த ஓட்டலை ஒரு ஹைனான் தீவுச் சீனர் நடத்தினார். வெள்ளைக்காரர்களோடு சீன முதலாளிகளும், கையில் கொஞ்சம் காசுள்ள நம்மவர்களும் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடம். உயரமான கூரையில் மின்விசிறிகள் சுழன்றன. மேசைகளில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி. ஒரு மூலையில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. படியேறும்போது மயில்வாகனத்தின் கை விமலாதேவியின் முழங்கையைப் பற்றியது. அவர் வெளியிடத்தில் அவளைத் தொட்டது அதுவே முதல் தடவை.

வெள்ளைச் சட்டையும் நரைத்த கிராப்புமாக வயதான பரிசாரகர் ஒருவர் ஓடி வந்தார். ஆ செங் என்று பெயர். மயில்வாகனத்தைப் பார்த்ததும் பழகிய முகத்தைக் கண்ட சந்தோஷம். அடுத்த கணம் விமலாதேவியைப் பார்த்து நின்றார். அவளை ஒரு முறை, தூரத்து ஜன்னலோர மேசையை ஒரு முறை.

“மேம் சூடா டாத்தாங், துவான்” என்றார்.

கடைத்தெரு மலாய் விமலாதேவிக்கும் தெரியும். அம்மா வந்தாச்சு, ஐயா.

“முன்னமே வந்துவிட்டார்” என்று ஆ செங் மலாயில் தொடர்ந்தார். “வழக்கம்போல அவருக்குக் குடிக்கப் பாஹிட் கொடுத்தேன். இப்போதுதான் வெராண்டா பக்கம் போனார். இவர் அவருடைய தங்கச்சிதானே? அதே மூக்கு, அதே நெற்றி. இருங்கள், இன்னொரு நாற்காலி போடுகிறேன்.”

அவர் நாற்காலி எடுக்கப் போனார். மயில்வாகனம் அசையாமல் நின்றார். விமலாதேவி அவருடைய பிடியிலிருந்து முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தானே அந்த மேசைக்கு நடந்தாள்.

மேசையில் இரண்டு பேருக்குத் தட்டும் முள்கரண்டியும் கத்தியும் வைத்திருந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலி சற்றுப் பின்னால் தள்ளி, அதில் இருந்தவர் இப்போதுதான் எழுந்து போனதுபோலக் கிடந்தது. அதன் முன்னால் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணம். உள்ளே ரோஜா நிறத்தில் ஏதோ, பாதி குடித்து மிச்சம். விளிம்பில் உதடு பட்ட ஈரத்தடம். பக்கத்துத் தட்டில் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் துண்டு.

விமலாதேவி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஆ செங் கொண்டுவந்து போட்ட மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். மயில்வாகனம் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எத்தினை வருஷமாய்?” என்று கேட்டாள்.

மயில்வாகனம் மறைக்கவில்லை. கேட்பதற்காகவே காத்திருந்தவர்போலச் சொல்லத் தொடங்கினார்.

“அவா போன அடுத்த வருஷம். எனக்கு வீட்டிலை இருக்க ஏலாமல் போச்சு. இஞ்சை வந்து, சும்மா ஒரு ஆறுதலுக்கு, ரெண்டு கிளாஸ் வைக்கச் சொன்னன். கை கழுவிப்போட்டு வந்து பார்த்தால் அவவின்ரை கிளாஸ் பாதி. ஆ செங் சொன்னான், மேம் வந்தவா, உங்களைக் கேட்டவா, வெளியிலை போயிட்டா எண்டு. ஓடிப்போய்ப் பார்த்தன். ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பேந்து முன்கூட்டியே ரெண்டு கிளாஸ் வைக்கச் சொல்லி அனுப்பிப்போட்டு வருவன், ஒவ்வொரு வருஷமும் இதுதான். நான் நேரத்தோட வந்தாலும் ஒண்டு, பிந்தி வந்தாலும் ஒண்டு. நான் வரேக்கை அவா எழும்பிப் போயிடுவா. ஒருக்காலும் நான் கண்டதில்லை, விமலா. அவன் காணுறான். இண்டைக்கு நீலச் சீலை, இண்டைக்கு மேம் ஒண்டும் கதைக்கேல்லை எண்டு அவன் சொல்லுவான். அதைக் கேக்கத்தான் வாறன்.”

“அவருக்குத் தெரியாதோ?”

“தெரியாது. நாங்கள் புருஷன் பெண்சாதி சண்டை பிடிச்சுப் பிரிஞ்சிருக்கிறம் எண்டு நினைச்சிருக்கிறான். ஒவ்வொரு முறையும் எனக்குப் புத்தி சொல்லி அனுப்புவான்.”

ஆ செங் மயில்வாகனத்துக்கும் விமலாதேவிக்கும் ஆளுக்கொரு பாஹிட் கொண்டுவந்து வைத்தார். பாஹிட் என்றால் மலாயில் கசப்பு. ஜின்னில் ஏதோ கசப்புச் சாற்றைச் சொட்டி, கிண்ணத்தைச் சுழற்றித் தருவது. துரைமார் சாப்பாட்டுக்கு முன் குடிப்பார்கள். விமலாதேவி ஆயுளில் மது தொட்டதில்லை. இப்போது எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். நாக்கில் கசந்து, நெஞ்சில் நெருப்பாக இறங்கியது. அக்காவுக்கு இது எப்படிப் பிடித்தது என்று நினைத்தாள்.

“இண்டைக்கு எங்கடை கலியாண நாள் இல்லை” என்றாள். “எங்கடை நாள் வைகாசியிலை.”

“தெரியும்.” அவர் தலை குனிந்திருந்தது. “போன வருஷம் அவன் ஒண்டு சொன்னான். மேம் தன்ரை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா எண்டு. நான் உம்மைப் பற்றி அவனுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு வருஷமாய் அதையே யோசிச்சுக்கொண்டு இருந்தன். உண்மையைச் சொன்னால் நீர் வரமாட்டீர் எண்டு நினைச்சன்.”

“அக்கா கூப்பிட்டவா எண்டு சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கே அது புதிதாக இருந்தது. கோபம் இருக்க வேண்டிய இடத்தில் கோபமும் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறொன்று, பசிபோல. காங்கேசன்துறையில் படகு ஏறும்போது அக்கா, “அழாதை, ரெண்டு வருஷத்திலை வந்திடுவன்” என்று சொன்னதுதான் கடைசி. அக்காவின் உடம்பை அவள் காணவில்லை. செத்துப்போனாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் அம்மா மூன்று நாள் எழும்பவில்லை. அவ்வளவுதான். ஒரு மனுஷி இருந்தாள், பிறகு இல்லை. அவளுடைய இடத்துக்கு விமலாதேவியை அனுப்பிவிட்டார்கள்.

ஆ செங் சூப்பு கொண்டுவந்தார். அதை ஒருவரும் தொடவில்லை. பிறகு வெள்ளைக் குழம்பில் மிதக்கும் மீன் வந்தது. கிராமபோன் வேறு பாட்டுக்கு மாறியது. வெராண்டாப் பக்கத்து வாசலில் மெல்லிய திரை காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

“நீங்கள் கொஞ்சம் வெளியிலை போய் நில்லுங்கோ” என்றாள் விமலாதேவி.

“என்னத்துக்கு?”

“நீங்கள் இருக்கேக்கை அவா வாறேல்லை எண்டுதானே சொல்லுறியள்.”

மயில்வாகனம் வெகுநேரம் அவளைப் பார்த்தார். “உமக்குப் பயமில்லையோ?”

“இருக்குது. போங்கோ.”

அவர் எழுந்து போனார். வாசலைத் தாண்டும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அஞ்சடி நடைபாதையின் தூண்களுக்கிடையே அவருடைய வெள்ளைக் கோட்டு மறைந்தது.

விமலாதேவி மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் கையில் வைத்திருந்தாள். அடுத்த மேசையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ரப்பர் விலையைப் பற்றி உரக்கப் பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோது பலகைத் தரையில் குதி உயர்ந்த செருப்பின் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் அது வெராண்டாப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து ஜன்னலோர நாற்காலி முன்னுக்கு இழுபட்டது. எலுமிச்சம்பழத்தின் வாசனையும், அதற்குக் கீழே ஈரமண்ணின் வாசனையும் வந்தன.

“தலையை நிமித்தாதை, விமலி” என்றாள் அக்கா. “பெரிய காய்ச்சலிலை போன ஆக்களின்ரை முகம் வடிவாயிராது. உனக்கு என்னைப் பழைய மாதிரித்தானே ஞாபகம். அப்பிடியே இருக்கட்டும்.”

விமலாதேவி தலையை நிமிர்த்தவில்லை. மேசைத்துணியின் ஓரத்தில் ஒரு கை வந்து படிவதை மட்டும் பார்த்தாள். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் வைத்து அதை நசுக்கியது விமலாதேவிதான். நகங்களெல்லாம் நாவற்பழ நிறத்தில் கறுத்திருந்தன. அவளுக்குப் பற்கள் கிட்டிக்கொண்டன. ஆனாலும் எழுந்து ஓடத் தோன்றவில்லை.

“அக்கா” என்றாள்.

“வளந்திட்டாய். குரல் மாறிப்போச்சு.” நாற்காலி மெல்ல முனகியது. “அம்மா எப்பிடி இருக்கிறா?”

விமலாதேவியின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் பட்டுச் சிணுங்கியது.

அம்மா போன மாசியில் செத்துப்போயிருந்தாள். கண் பார்வை போய், கடைசியில் மூத்த மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாளாம். இதுநாள்வரை விமலாதேவி மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தாள்: அம்மாவும் அக்காவும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாய் உட்கார்ந்து, ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று. அது இந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. செத்தவர்கள் செத்தவர்களைக் காண்பதில்லை. ஒவ்வொருவரும் தனியாகத்தான் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார்கள்.

“சுகமாய் இருக்கிறா” என்றாள். தன் குரல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“கண் தெரியுதோ? அப்பவே மங்கல் எண்டவா.”

“தெரியுது. இப்பவும் ஊசியிலை தானே நூல் கோக்கிறா. உங்களைப் பற்றித்தான் எப்பவும் கதை.”

“அது நல்லது.” அந்தக் கை கிண்ணத்தை எடுத்தது. விமலாதேவியின் பார்வைக்கு மேலே போய்த் திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. “அந்த மீன் எப்பிடி?”

“உப்புக் காணாது.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் துளியும் மாறாமல் இருந்தது. விமலாதேவியின் கண்ணீர் மீன் தட்டில் விழுந்தது.

“எப்பவும் அப்பிடித்தான். நான் அவருக்குத் தெரியாமல் உப்பு வாங்கிப் போடுவன்.” பிறகு குரல் தாழ்ந்து வந்தது. “விமலி, அவர் என்னைக் கூப்பிடுறார். வருஷா வருஷம் இந்தக் கிளாசை வைச்சுக் கூப்பிடுறார். கூப்பிட்டால் வராமல் இருக்க ஏலாது. கனதூரம் நடந்து வாறன். இருட்டு. வழி நெடுக மரம், ஒரே மாதிரி மரம், நிரைநிரையாய். வந்து இருந்தால், அவர் படியிலை கால் வைக்க, ஆரோ என்ரை முந்தானையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி வெளியிலை போயிடுறன். பேந்து திரும்பி அவ்வளவு தூரமும் நடக்க வேணும். களைச்சுப் போனன்.”

“நான் என்ன செய்யவேணும், அக்கா?”

“கூப்பிட வேண்டாமெண்டு சொல்லு. நான் சொன்னால் அவருக்குக் கேக்காது. அதுக்குத்தான் உன்னை வரச்சொன்னனான்.”

“கூப்பிடாட்டி நீங்கள் எங்கை போவியள்?”

அக்காவின் வளைந்த சுண்டுவிரல் மேசைத்துணியின் மடிப்பை நீவிவிட்டது.

“தெரியாது” என்றாள். “நிண்ட இடத்திலை நிப்பன்போலை.”

விமலாதேவி தன் கையை நகர்த்தி அந்தக் கையின் மேல் வைத்தாள். மழையில் நனைந்த விறகைத் தொட்டதுபோல இருந்தது. சில்லிட்டது, ஆனால் அவள் எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. பிறகு விமலாதேவியின் உள்ளங்கைக்குக் கீழே மேசைத்துணி மட்டும் இருந்தது. செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆ செங் புட்டிங் தட்டோடு வந்து நின்றார். காலி நாற்காலியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“அதற்குள் போய்விட்டாரா? இன்றைக்கு மேம் சிரித்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நீங்கள் முன்னமே வந்திருக்க வேண்டும்.” பிறகு குனிந்து, ஒரு ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: “உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். துவான் நல்ல மனிதர். கோபத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.”

“சொல்லுகிறேன்” என்றாள் விமலாதேவி மலாயில். இந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். அவருடைய முகம் அவ்வளவு திருப்தியாக இருந்தது. சொல்லவில்லை.

மயில்வாகனம் சாரலில் நனைந்து வந்தார். தோளெல்லாம் ஈரம். வந்ததும் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வந்தவாவோ?”

“ஓம்.”

“என்ன நிறச் சீலை?”

முதலில் கேட்டது அதைத்தான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் விமலாதேவி அவரை மன்னித்திருப்பாளோ என்னவோ. அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. அவருக்காக வலித்ததா, தனக்காகவா என்று தெரியவில்லை.

“நான் பார்க்கேல்லை. பார்க்க வேண்டாமெண்டவா. கையை மட்டும் கண்டன்.”

“என்ன சொன்னவா? கோபமோ? அந்த வருஷம் காய்ச்சலோட படுத்திருந்து கேட்டவா, இண்டைக்கு ஈப்போவுக்குப் போறேல்லையோ எண்டு. சுகம் வரட்டும், அடுத்த கிழமை போவமெண்டன். அடுத்த கிழமை அவா இல்லை. அதைப் பற்றி ஏதும்—”

“கோபமில்லை. களைச்சுப் போனன் எண்டவா. இனிமேல் கூப்பிட வேண்டாமாம். நீங்கள் இஞ்சை வந்து கிளாஸ் வைக்கிறதுதான் அவாவைக் கூப்பிடுகிறதாம். அவ்வளவு தூரம் இருட்டிலை நடந்து வாறாவாம், நீங்கள் வந்ததும் போக வேண்டியிருக்குதாம்.”

மயில்வாகனம் உட்கார்ந்தார். காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, அதன் அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டைப் பார்த்தார். அவர் அழுதது வெளியே தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அடுத்த மேசைக்காரர்கள் அவர் கூடக் குடித்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். விமலாதேவி புட்டிங்கை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, விழுங்க முடியாமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

புறப்படும்போது ஆ செங் குடையோடு வாசல்வரை வந்தார். “அடுத்த வருஷம் மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள்” என்றார். மயில்வாகனம் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துவான் ஒருவர் பரிசாரகரின் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பதை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரயிலில் அவர்கள் இருந்த பெட்டியில் வேறு ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டங்கள் இருளாக ஓடின. நிரைநிரையாய், ஒரே மாதிரி மரங்கள். விமலாதேவி ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினாள்.

“அம்மாவைக் கேட்டவா” என்றாள்.

“ஐயோ. என்ன சொன்னீர்?”

“சுகமாய் இருக்கிறா எண்டு சொன்னன்.”

அவர் எழுந்து, எதிர்ப்பக்கத்து இருக்கையிலிருந்து அவள் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வைகாசியில் மயில்வாகனம் நாளை மறக்கவில்லை. எங்கே போகவேண்டும் என்று அவளிடமே கேட்டார். ஈப்போ வேண்டாம் என்றாள். கோலா கங்சாருக்குப் போய், ஆற்றங்கரையில் ஒரு மலாய்க்காரியின் கடையில் பொரித்த மீனும் சோறும் வாழையிலையில் வாங்கித் தின்றார்கள். உறைப்பில் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. இருவரும் சிரித்தார்கள். மாலை வண்டியில் திரும்பி வந்தார்கள்.

ஐப்பசி வந்தது. அந்த நாளும் வந்தது. மயில்வாகனம் வழக்கமான நேரத்துக்கு ஆபீசிலிருந்து வந்து, குளித்து, வெளி விறாந்தையில் பேப்பரோடு உட்கார்ந்தார். விமலாதேவி அவருக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, அரிசி கொழிக்கச் சுளகை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது பட்டது. மழை பிடித்தது. பேப்பரின் ஒரே பக்கம் வெகுநேரமாகத் திருப்பப்படாமல் இருந்தது.

“இப்ப அங்கை வந்திருப்பாவோ?” என்றார் மயில்வாகனம்.

“ஆரும் கூப்பிடேல்லை. வந்திருக்கமாட்டா.”

“ஓம்” என்றார் அவர். “ஓம்.”

ஆனால் விமலாதேவிக்கு அது தெரியாது. ஆ செங் நல்ல மனிதர். யாரும் சொல்லாமலே அவர் அந்த மேசையில் துணி விரித்து, வருஷா வருஷம் வைத்த பழக்கத்தில் கிண்ணத்தை வைத்திருக்கலாம். அது அவருக்குத் தெரிந்த ஒரு மரியாதை. அப்படியானால் இந்நேரம் அக்கா வந்து உட்கார்ந்திருப்பாள். யாரும் படியேறி வராததால் யாரும் அவளை முந்தானையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். கிண்ணம் முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து, இன்றைக்கு ஏன் ஒருவரையும் காணவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். ஆ செங் என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு எலுமிச்சைத் துண்டைக் கொண்டுவந்து வைப்பார்.

சாரல் விறாந்தைக்குள் அடித்தது. மயில்வாகனம் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“வாரும், உள்ளுக்கை போவம். நனைஞ்சு போவீர்.”

“நீங்கள் போங்கோ. இதை முடிச்சிட்டு வாறன்” என்றாள் விமலாதேவி. சுளகில் அரிசி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அவர் போகவில்லை. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.